கரன்ட் திரும்பி வரும் நொடி

கழுகுமலையிலோ கோவில்பட்டியிலோ சர்வீஸ் கடை வைத்திருப்பவர் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு அண்ணாச்சி. கரன்ட் போச்சு, திரும்ப வந்துச்சு, அதோட படுத்துருச்சு." டி.வி. கொண்டுவருபவர் இதைச் சொல்வார். மைக்செட் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிவருபவரும் சொல்வார். தோட்டத்து மோட்டாரின் மொபைல் ஸ்டார்ட்டரைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவரும் சம்சாரியும் இதையேதான் சொல்வார். நாம் தலையாட்டிவிட்டு மல்டிமீட்டரைக் கையில் எடுக்கிறோம். அதற்கு முன்னால் அந்தப் பேச்சைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். பழுது எப்போது நேர்ந்தது என்பதை அவர் சொல்லிவிட்டார். எங்கே தேட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

மணிக்கணக்கில் ஓடும்போது போகாத பாகம் கரன்ட் வந்த முதல் நொடியில் போயிருக்கிறது. போன பாகத்தை எடுத்துவிட்டு அதே அளவில் புதிதாக ஒன்றைச் சால்டர் செய்து கொடுத்தால், அந்த செட் அதே வீட்டுக்கு, அதே லைனுக்கு, அதே முதல் நொடிக்குத்தான் போகிறது. ஒரு மாதத்தில் திரும்பி வரும். வாடிக்கையாளர் நம் கைவேலையைக் குறை சொல்வார், அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும். பாகத்தை மாற்றுவது பாதி வேலைதான். அந்த முதல் நொடியைத் தாங்கும்படி செட்டைத் தயார்செய்து அனுப்புவது மீதிப் பாதி. இந்த அத்தியாயம் அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2012ல் சென்னையைத் தாண்டிய ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரன்ட் இல்லை. அதுவும் விட்டு விட்டு, மணிக்கொரு தரம் போய் வந்தது. காலையில் ஒருமுறை போட்டு இரவில் அணைக்கும் ஒரு செட் அப்போது ஒரே நாளில் பலமுறை 'ஆன்' ஆனது. இன்று அந்த அளவு வெட்டு கிடையாது. ஆனால் காற்றுக் காலத்தில் கம்பியோடு கம்பி உரசி, இரண்டு நொடி போய் வரும் கரன்ட் இருக்கிறதே, அது நீண்ட வெட்டைவிட மோசமானது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வோல்டேஜ் கணக்கு

230 வோல்ட் என்று நாம் சொல்வது ஆர்.எம்.எஸ். அளவு. அலையின் உச்சி அதைப்போல 1.414 மடங்கு, அதாவது 325 வோல்ட். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் இந்த உச்சிக்குத்தான் சார்ஜ் ஆகும். விதிப்படி வீட்டு லைனில் 6 சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதி. அப்படியானால் 216 முதல் 244 வரை. நடைமுறை வேறு. ஊர் முனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையைப் பாருங்கள், 11,000/433 என்று போட்டிருக்கும். 433ஐ 1.732ஆல் வகுத்தால் 250. லோட் இல்லாதபோது ஒரு பேஸில் கிடைப்பது 250 வோல்ட் என்று பொருள். கம்பியில் விழும் இழப்பையும் சேர்த்து, கடைசி வீட்டுக்கும் போதுமான வோல்டேஜ் போய்ச் சேரட்டும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். கரன்ட் திரும்பி வரும் நேரத்தில் ஊரில் பாதிச் சாமான் அணைந்து கிடக்கும். அப்போது டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டில் 250க்கு மேலும் மீட்டர் காட்டினால் ஆச்சரியமில்லை.

250 வோல்டின் உச்சி 353. லைன் 270ஐத் தொட்டால் உச்சி 382. டி.வி., எல்.இ.டி. டிரைவர், சார்ஜர் எல்லாவற்றிலும் கம்பெனிக்காரர் போட்டு அனுப்புவது 400 வோல்ட் கெப்பாசிட்டர். 283 வோல்ட் வந்தால் அது தன் எல்லையைத் தொட்டுவிடும். ஆகவே நம் பகுதியில் மாற்றும்போது 450 வோல்ட் போடுங்கள். உயரம் கொஞ்சம் கூடும். மூடி முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த அத்தியாயத்தில் மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய திருத்தம் இதுதான்.

வோல்டேஜ் குறையும் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் முறைவைத்து வரும்போது, ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். ஒவ்வொன்றும் ஓடும் கரன்டைப்போல ஆறு மடங்குவரை இழுக்கும். லைன் விழுந்து, பிறகு எழும். இந்த விழுந்து எழும் ஆட்டத்தில்தான் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள் நிலைகுலைகின்றன. அதைத் தனியே பார்ப்போம்.

முதல் பாய்ச்சல்

காலியாக இருக்கும் கெப்பாசிட்டர், கரன்ட் வந்த கணத்தில், ஷார்ட்டுக்குச் சமம். வறண்ட கண்மாய்க்கு மடையைத் திறந்தால் தண்ணீர் எப்படிப் பாயுமோ அப்படிப் பாயும். சுவிட்ச் போட்ட கணம் அலையின் உச்சியில் அமைந்துவிட்டால், 325 வோல்டுக்கு எதிரே நிற்பது வயரின் தடை, ஃபியூஸின் தடை, கெப்பாசிட்டரின் உள்தடை மட்டுமே. எல்லாம் சேர்ந்து ஒரு ஓம் என்று வைத்தால் 325 ஆம்பியர். சில நூறு மைக்ரோ நொடிதான். ஆனால் 1என்4007 டையோடு ஒருமுறை தாங்கக்கூடிய பாய்ச்சல் 30 ஆம்பியர்தான் என்று அதன் டேட்டாஷீட் சொல்கிறது.

இதைத் தடுக்கத்தான் என்.டி.சி. இருக்கிறது. கறுப்பாக அல்லது பச்சையாக, வட்டமாக, ஃபியூஸுக்கு அடுத்தாற்போல் நிற்கும். 5டி-9 என்று எழுதியிருந்தால் 25 டிகிரியில் 5 ஓம், 9 மில்லிமீட்டர் விட்டம். 10டி-11 என்றால் 10 ஓம், 11 மில்லிமீட்டர். குளிர்ந்திருக்கும்போது தடையாக நின்று பாய்ச்சலைக் குறைக்கும். கரன்ட் ஓட ஓடச் சூடாகித் தன் தடையை ஓர் ஓமுக்குக் கீழே இறக்கிக்கொள்ளும். 10 ஓம் போட்டால் 325 ஆம்பியர் முப்பது ஆம்பியர் அளவுக்கு வந்துவிடும். எளிமையான, அழகான பாகம். ஆனால் பலர் இதன் மதிப்பு தெரியாமல், வெடித்திருந்தால் வயரால் ஷார்ட் செய்து செட்டை ஓட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு செட் ஓடும். அதன் பிறகு ஒவ்வொரு முறை கரன்ட் வரும்போதும் பிரிட்ஜ் அடிவாங்கும். என்.டி.சி.யை ஷார்ட் செய்வது பழுதைத் தள்ளிப்போடுவதுகூட இல்லை, பெரிதாக்குவது.

இதன் பலவீனம் நம் ஊருக்கு முக்கியம். இரண்டு இடத்தில் இது கைவிடும்.

ஒன்று வெயில். 25 டிகிரியில் 10 ஓம் என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரி இருக்கும்போது அதே என்.டி.சி. ஏறக்குறைய 6 ஓம்தான் காட்டும். மூடிய பெட்டிக்குள் 60 டிகிரி ஆகிவிட்டால் மூன்றரை ஓம். சந்தேகமாக இருந்தால் மல்டிமீட்டரில் போட்டு, சால்டரிங் அயர்னைப் பக்கத்தில் காட்டிப் பாருங்கள். எண் கண்முன் இறங்கும். எனவே பழைய அளவு 5 ஓம் என்றால், இடமும் வாட்டும் ஒத்துவந்தால், 8 அல்லது 10 ஓமுக்குப் போகலாம். விட்டம் குறையக் கூடாது. அது தாங்கும் கரன்டை ஓமோடு விட்டமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

இரண்டாவது பலவீனம்தான் மேலே சொன்ன இரண்டு நொடி கரன்ட். ஓடிக்கொண்டிருக்கும் செட்டில் என்.டி.சி. கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அது ஆறிப் பழைய தடைக்கு வர ஒரு நிமிடம், சிலசமயம் இரண்டு நிமிடம்கூட ஆகும். கெப்பாசிட்டரோ லோடில் ஒரு நொடிக்குள் காலியாகிவிடும். கரன்ட் போய் மூன்றாவது நொடியில் திரும்பினால், காலிக் கெப்பாசிட்டருக்கு எதிரே ஓர் ஓம் மட்டும் நிற்கிறது. பாதுகாப்பு இருந்தும் இல்லாத நிலை. நீண்ட வெட்டில் பிழைத்த செட் நொடிப்பொழுது வெட்டில் சாவது இதனால்தான்.

சின்ன சார்ஜருக்கும் பல்புக்கும் இதற்காகப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. எல்.இ.டி. பல்பில் 10 ஓம் ஃபியூசிபிள் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் போட்டால் போதும். அது சூடானாலும் தடை மாறாது. பெரிய ஆம்ப்ளிஃபயர், பெரிய பவர் சப்ளை, டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டுகளுக்கு ரிலே வழிதான் சரி. மெயின்ஸ் லைனில் 33 ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று. அதன் இரு முனைகளையும் ரிலே கான்டாக்ட் இணைக்க வேண்டும். கரன்ட் வந்து ஒரு நொடி கழித்து ரிலே இழுத்து ரெசிஸ்டரை ஷார்ட் செய்துவிடும். கரன்ட் போனதும் ரிலே உடனே விட்டுவிடும்படி டைமர் சர்க்யூட்டை அமைக்க வேண்டும், அதில்தான் முழுப் பலனும் இருக்கிறது. டைமரின் கெப்பாசிட்டர் மெதுவாக இறங்கினால் ரிலே பிடித்துக்கொண்டே இருக்கும், நொடிவெட்டில் மறுபடி அதே கதைதான். டைமிங் கெப்பாசிட்டரைச் சட்டென்று காலி செய்ய ஒரு 1என்4148 போதும். ரிலே ஒருவேளை இழுக்காமல் போனால் ரெசிஸ்டர் எரியும். அதன் முதுகில் ஒட்டினாற்போல ஒரு தெர்மல் ஃபியூஸ் கட்டிவிடுங்கள்.

டொராய்டு பற்றி ஒரு சொல். அதில் கெப்பாசிட்டர் பாய்ச்சலோடு இரும்பின் காந்தப் பாய்ச்சலும் சேரும். முன்பு அணைந்தபோது உள்ளே தங்கிய காந்தமும், இப்போது சுவிட்ச் போட்ட கணமும் ஒத்துவராவிட்டால் கோர் நிரம்பி, வழக்கமான கரன்டைப்போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் இழுக்கும். ஒருநாள் ஃபியூஸ் போகும், மறுநாள் போகாது. வாடிக்கையாளர் குழம்புவார். நாம் குழம்பக் கூடாது.

இந்த ரிலே யோசனை சின்னக் கடைக்கான குறுக்குவழி என்று எண்ண வேண்டாம். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில் கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமும் அங்கேதான் இருக்கிறது. பழைய வகைக் காற்றாலைகளில் இண்டக்‌ஷன் ஜெனரேட்டரை லைனோடு நேராக இணைத்தால் பல மடங்கு கரன்ட் பாயும். அதனால் தைரிஸ்டர் சாஃப்ட் ஸ்டார்ட்டர் மூலம் கொஞ்சம் கொஞ்சமாக இணைத்து, நிலைக்கு வந்ததும் பைபாஸ் கான்டாக்டர் விழுகிறது. நூற்றுக்கணக்கான கிலோவாட்டுக்குச் செய்வதையே நம் மேஜையில் ஐந்நூறு வாட்டுக்குச் செய்கிறோம்.

நியூட்ரல் போனால்

கரன்ட் வந்ததும் தெருவில் பத்து வீட்டு டி.வி. ஒன்றாகப் போனது என்று கேள்விப்பட்டால், அது பெரும்பாலும் நியூட்ரல் அறுந்த கதை. கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனால், வேறுவேறு பேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் 400 வோல்டுக்கு இடையே சீரிஸாகத் தொங்கும். லோட் குறைவாக உள்ள வீட்டுக்கு அதில் பெரும் பங்கு வந்துசேரும். 400 வோல்டின் உச்சி 566. எந்த 450 வோல்ட் கெப்பாசிட்டரும் இதைத் தாங்காது.

இதற்கு எம்.ஓ.வி. போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எம்.ஓ.வி. என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 14டி471 என்றால் 14 மில்லிமீட்டர் வில்லை, 470 வோல்டில் கடத்தத் தொடங்கும், தொடர்ந்து 300 வோல்ட் ஏ.சி. வரை சும்மா இருக்கும். மின்னல் தூண்டிய பாய்ச்சல், மோட்டார் அணையும் உதறல் போன்ற மைக்ரோ நொடி அடிகளை அது விழுங்கும். நொடிக்கணக்கில் 400 வோல்ட் நின்றால் அது விழுங்காது, கொதிக்கும். கொதித்துத் தானே ஷார்ட் ஆகும். அப்போது அதற்கு முன்னால் சரியான ஃபியூஸ் இருந்தால் ஃபியூஸ் போகும், செட் பிழைக்கும். ஆக எம்.ஓ.வி.யும் ஃபியூஸும் சேர்ந்துதான் ஒரு பாதுகாப்பு. ஒன்றில்லாமல் இன்னொன்று வீண், சிலசமயம் ஆபத்தும்கூட.

நம் பகுதியில் ஃபியூஸ்தான் பெரிய கவலை. கண்ணாடி ஃபியூஸ் போன இடத்தில் வயரிலிருந்து ஓர் இழை செம்பை உருவிச் சுற்றிவிடுகிறார்கள். அந்த இழை எத்தனை ஆம்பியரில் போகும் என்று யாருக்கும் தெரியாது. எம்.ஓ.வி. தீக்கங்காகும்வரை அது நின்றுகொண்டிருக்கும். தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த ஊர் நம்முடையது. நெருப்பு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். செம்பு இழை சுற்றிய செட் மேஜைக்கு வந்தால் முதல் வேலையாக அதை அறுத்துப் போட்டுவிட்டு, பெயர்ப்பலகையில் போட்ட அளவுக்குப் பீங்கான் ஃபியூஸ் போடுங்கள். எம்.ஓ.வி. ஃபியூஸுக்குப் பின்னால், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வர வேண்டும். முன்னால் வந்தால் பயனில்லை. 431 அளவு போட்டிருந்தால் அது 275 வோல்டுக்கானது. நம் லைனுக்கு 471 நல்லது.

வீட்டுக்கோ கடைக்கோ மொத்தமாகக் காப்பு வேண்டும் என்பவருக்கு, மெயின் போர்டில் மாட்டும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் கருவியைச் சொல்லுங்கள். 270 வோல்டில் வெட்டும்படி வைத்து, திரும்ப இணைக்கும் தாமதத்தை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு வைத்தால், மேலே சொன்ன இரண்டு நோய்க்கும் ஒரே மருந்தாகிறது: அதிக வோல்டேஜும் உள்ளே வராது, என்.டி.சி.யும் ஆறிவிடும். தனித்தனி செட்டுக்குச் செய்யும் எந்தத் திருத்தத்தையும்விட இதை நான் அழுத்திச் சொல்வேன்.

மைக்செட்டுக்காரருக்குத் தனியாக

கழுகுமலை கழுகாசலமூர்த்தி கோவிலில் பங்குனி உத்திரம் என்றால் தெருவெங்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடிய ஊர், பாட்டில்லாமல் திருவிழா கிடையாது. அந்த ஆம்ப்ளிஃபயர்கள் பல, அடுத்த திருவிழாவரை பரணில் கிடப்பவை. திடீரென்று இறக்கி, தூசி தட்டி, முழு மெயின்ஸில் போடுவார்கள். பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உள்ளே அலுமினியத் தகட்டில் படிந்த மெல்லிய ஆக்சைடுப் படலம்தான் அதன் வோல்டேஜைத் தாங்குகிறது. மாதக்கணக்கில் வோல்டேஜ் இல்லாமல், பரணின் சூட்டில் கிடந்தால் அந்தப் படலம் மெலிந்துபோகும். மெலிந்த படலத்தின் மேல் ஒரே அடியாக முழு வோல்டேஜ் விழுந்தால் லீக்கேஜ் ஓடிச் சூடாகி, மேல்தட்டு உப்பும், சிலசமயம் வெடிக்கும்.

இதைச் செய்யுங்கள். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே செட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வேரியாக் இருந்தால் நாற்பது ஐம்பது வோல்டில் தொடங்கி, அரைமணிக்கு ஒருமுறை ஏற்றி, சாயங்காலத்துக்குள் முழு மெயின்ஸுக்கு வாருங்கள். வால்வு ரெக்டிஃபயர் உள்ள செட்டுக்கு இது ஒத்துவராது, ஹீட்டர் சூடாகும்வரை எச்.டி.யே வராது. அப்போது கெப்பாசிட்டரை ஒருபக்கம் கழற்றி, 47 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக அதன் அளவு டி.சி. வோல்டேஜைக் கொடுங்கள். கெப்பாசிட்டரின் முனையில் மீட்டர் மெதுவாக ஏறும். ஏறி நின்றால் பிழைத்தது. பாதியிலேயே நின்றுவிட்டால் அதைத் தூக்கிப்போடுங்கள், ஆசைப்பட வேண்டாம்.

வால்வு ஆம்ப்ளிஃபயரில் இன்னொரு கண்ணி இருக்கிறது. முன்பு ரெக்டிஃபயர் வால்வு இருந்த இடத்தில், அது கிடைக்காததால், இரண்டு சிலிக்கான் டையோடு போட்டு ஓட்டுகிறார்கள். ஒலியில் பெரிய மாற்றம் இல்லை, அதனால் சரி என்று விட்டுவிடுகிறோம். ஆனால் முதல் பத்துப் பதினைந்து நொடியைப் பாருங்கள். டையோடு உடனே கடத்தும். அவுட்புட் வால்வுகளின் ஹீட்டர் இன்னும் சூடாகவில்லை, ஆகவே எச்.டி.யில் லோடே இல்லை. 300-0-300 டிரான்ஸ்ஃபார்மர் என்றால் உச்சி 424. லைன் 250 என்றால் 461. லோட் இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் ஐந்து பத்து சதவீதம் அதிகம் கொடுக்கும். 490 பக்கம் வந்துவிட்டது. கெப்பாசிட்டர் 450. வால்வுகள் சூடாகி இழுக்கத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கிவிடும், அதனால் நிதானமாக மீட்டர் வைத்துப் பார்ப்பவருக்கு இது அகப்படாது. சுவிட்ச் போடும்போதே மீட்டர் மாட்டியிருக்க வேண்டும்.

தீர்வு இரண்டு. டிரான்ஸ்ஃபார்மர் எச்.டி. நடுமுனைக்கும் செஸிக்கும் இடையே முப்பது நொடி தாமத ரிலே போட்டு, ஒவ்வொரு டையோடுக்கு முன்னாலும் 47 ஓம் வயர்வவுண்ட் சேர்ப்பது ஒன்று. முதல் கெப்பாசிட்டரை 350 வோல்ட் இரண்டாகச் சீரிஸில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வைப்பது மற்றொன்று. ரெசிஸ்டர் இல்லாமல் சீரிஸில் போடாதீர்கள். லீக்கேஜ் குறைந்த கெப்பாசிட்டரின் மேல் வோல்டேஜ் ஏறி அது முதலில் போகும், பின்னாலேயே மற்றதும் போகும். இரண்டாவது வழியில் ஒரு கெப்பாசிட்டரின் உறை செஸியிலிருந்து விலகி உயர்ந்த வோல்டேஜில் நிற்கும். காப்பு ஸ்லீவ் போட்டு மூடுங்கள்.

ஜெனரேட்டரில் ஓட்டுபவர்களுக்கு: இன்ஜின் முழு வேகத்துக்கு வந்து, வோல்ட் மீட்டரும் 50 ஹெர்ட்ஸும் நிலைத்த பிறகே சேஞ்சோவரைத் தள்ள வேண்டும். நிறுத்தும்போது முதலில் ஆம்ப்ளிஃபயரை எடுத்துவிட்டு, பிறகு இன்ஜின். பெரிய லோட் ஒன்று சட்டென்று விலகினால் ஜெனரேட்டர் வோல்டேஜ் ஒரு கணம் துள்ளும். தேருக்கு அலங்கார லைட் போட்ட லைனிலேயே ஆம்ப்ளிஃபயரையும் மாட்டியிருந்தால் அந்தத் துள்ளல் முழுக்க அதற்குத்தான்.

ஐந்து வோல்ட் பக்கம்

மொபைல் ஸ்டார்ட்டர், தண்ணீர்த் தொட்டி கன்ட்ரோலர் போன்றவற்றில் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், கெப்பாசிட்டர், 7805, ஒரு மைக்ரோகன்ட்ரோலர், சில ரிலேக்கள் இருக்கும். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் 16 வோல்ட் கெப்பாசிட்டர் போட்ட போர்டுகளைத் தொடர்ந்து பார்க்கிறேன். கணக்குப் போடுங்கள்: லைன் 260 என்றால் 12 வோல்ட் 13.6 ஆகிறது. சின்ன டிரான்ஸ்ஃபார்மர் லோட் இல்லாமல் 15 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் 15.6. அதன் உச்சி 22. டையோடு இழப்பைக் கழித்தால் 20.7 வோல்ட். ரிலேக்கள் இழுக்காத முதல் நொடியில் லோட் இல்லை, எனவே இந்த 20.7 அப்படியே கெப்பாசிட்டர் மேல் நிற்கும். 16 வோல்ட் கெப்பாசிட்டர் எத்தனை நாளுக்கு? 35 வோல்ட் போடுங்கள். 7805 அதே 35 வோல்ட்வரை உள்ளே வாங்கும், அதற்குக் கவலையில்லை. ஆனால் அதன் அவுட்புட்டிலிருந்து இன்புட்டை நோக்கி ஒரு 1என்4007 மாட்டுங்கள். இன்புட் சட்டென்று விழும்போது அவுட்புட் கெப்பாசிட்டரின் சார்ஜ் ஐ.சி.க்குள் தலைகீழாகப் பாயாது.

மைக்ரோகன்ட்ரோலர் கண்விழிக்கும் வரை அதன் கால்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் மிதக்கும். அந்த நேரத்தில் ரிலே படபடத்தால் கான்டாக்டர் படபடக்கும், தோட்டத்தில் மோட்டார் உதறும். டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து எமிட்டருக்கு 10 கிலோ ஓம், மாஸ்ஃபெட் என்றால் கேட்டிலிருந்து சோர்ஸுக்கு அதே 10 கிலோ ஓம். இவ்வளவுதான். ரீசெட் காலில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் இருந்தால், ரீசெட் காலிலிருந்து 5 வோல்டை நோக்கி ஒரு 1என்4148 போடுங்கள். நொடிவெட்டில் அந்தக் கெப்பாசிட்டர் உடனே காலியாகி, கரன்ட் திரும்பும்போது சிப் ஒழுங்காக முதலிலிருந்து தொடங்கும். பி.ஐ.சி., ஏ.வி.ஆர். வகைச் சிப்புகளுக்கு இந்த டையோடு திசை பொருந்தும். பிரவுன்-அவுட் வசதி சிப்பில் இருந்தால் அதை எனேபிள் செய்துவிடுங்கள்.

வெளியிலிருந்து நீளமான வயரில் வரும் சென்சார்கள் வேறு சப்ளையில் ஓடினால், நம் போர்டுக்கு 5 வோல்ட் வருமுன்பே அவற்றின் சிக்னல் வந்துவிடும். சப்ளை இல்லாத சிப்பின் காலில் வோல்டேஜ் கொடுத்தால் உள்ளே இருக்கும் காப்பு டையோடு வழியாகச் சிப் முழுவதும் தப்பான வழியில் உயிர்பெறும், சிலசமயம் பூட்டிக்கொண்டு கொதிக்கும். ஒவ்வொரு சிக்னல் வயரிலும் 4.7 கிலோ ஓம் சீரிஸில் போட்டால் போதும்.

கரிசலும் எர்த்தும்

எர்த் இல்லாமல் எந்தக் காப்பும் இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே போட்ட எம்.ஓ.வி. எர்த்தை எதிர்பார்ப்பதில்லை. எர்த்தை எதிர்பார்ப்பது பேஸ்-எர்த் எம்.ஓ.வி.யும், மின்னல் காப்பும், மனித உயிரும். அதனால் அலட்சியம் வேண்டாம்.

கரிசல் மண் ஈரமாக இருக்கும்போது கரன்டை நன்றாகக் கடத்தும். செம்மண்ணையும் சரளையையும்விட மேல். ஆனால் பங்குனி முடிந்ததும் அது சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். எர்த் பைப்பைச் சுற்றிலும் மண் விலகி நிற்கும். ஐப்பசியில் வேலை செய்த எர்த் வைகாசியில் பெயருக்குத்தான் இருக்கும். இந்தியத் தரம் ஐ.எஸ். 3043 சொல்லும் பைப் எர்த் இரண்டரை மீட்டராவது ஆழம் போக வேண்டும். நம் மண்ணுக்கு இன்னும் இறக்கினால், வெடிப்பு எட்டாத ஈர அடுக்கைத் தொடும். சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி, புனல் வைத்து, கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். உப்பு ஜி.ஐ. பைப்பை அரிக்கும் என்பதால் கிளாம்ப் இணைப்பைக் கோடைதோறும் பிரித்துப் பார்க்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் குண்டு பல்பு போட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எர்த் மோசமாக இருந்தால் அந்த நேரத்தில் வீட்டில் எர்த் வயர் போன எல்லா இரும்பும் கரன்ட் ஆகும். எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே சரி.

மேஜையில் செய்யும் சோதனை

பழுது பார்த்த செட்டை நேராக மெயின்ஸில் போடாதீர்கள். 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் வைத்த போர்டு ஒவ்வொரு கடையிலும் இருக்க வேண்டும். குண்டு பல்பு கிடைப்பது குறைந்துவருகிறது, கண்ட இடத்தில் இரண்டு வாங்கி வையுங்கள். செட்டுக்குள் முழு ஷார்ட் இருந்தாலும் அரை ஆம்பியருக்கு மேல் ஓடாது. போட்டதும் பளிச்சென்று எரிந்து மங்கினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆனது, நல்லது. முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எரிந்து எரிந்து அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ். எழ முயன்று விழுகிறது. லோட் அதிகமாக இருக்கலாம், பல்பு சின்னதாகவும் இருக்கலாம். இன்வெர்ட்டர் ஏசி போர்டு போன்றவை இந்தப் பல்பில் ஒழுங்காக எழாது. அதைப் பழுது என்று எண்ணிப் பாகம் மாற்றத் தொடங்க வேண்டாம்.

பெரிய கெப்பாசிட்டரைத் தொடுமுன் 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் காலி செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் கெப்பாசிட்டரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து.

பல்பில் தேறிய செட்டை நேர் மெயின்ஸில் போட்டு, மூடியையும் மாட்டி, முழு லோடில் அரைமணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே எல்லாம் சூடேறட்டும். பிறகு சுவிட்சை அணைத்து, மனதுக்குள் மூன்று எண்ணி, திரும்பப் போடுங்கள். மறுபடி அணைத்துப் போடுங்கள். இப்படிப் பத்து முறை. டி.வி.யோ ஆம்ப்ளிஃபயரோ காற்றுக் காலத்தில் படப்போகும் பாடு இதுதான், அதை நம் மேஜையில் படட்டும். பத்தாவது முறையும் ஃபியூஸ் நின்றால், மூடியைக் கழற்றி என்.டி.சி.யில் விரிசல் இருக்கிறதா, பிரிட்ஜின் கால்களில் சால்டர் நிறம் மாறியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடுவிலேயே ஃபியூஸ் போனால் அதைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காமல், அந்த செட்டுக்கு 33 ஓம் ரெசிஸ்டரும் ரிலேயும் கட்டுங்கள். கட்டிய பிறகு மறுபடி அரைமணி சூடேற்றி, அந்தப் பத்து முறையை முதலிலிருந்து செய்யுங்கள்.